ஆண்டறிக்கை, எழுபத்தைந்தாம் வருடம்

வட்டாரக் கல்வி அலுவலர் சொல்லிவிட்டார்:
அறிக்கை இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது.
சிறப்பு விருந்தினர் நாலு மணிக்குள் குன்னூர் சேரணும்,
மேகம் இறங்கிவிட்டால் கொண்டை ஊசி வளைவில்
விளக்குப் போட்டும் பிரயோசனமில்லை.

சரி. சுருக்கமாகவே.

பள்ளி பிறந்த வருடம் ஐம்பத்தொன்று.
மாதமும் தேதியும் கரையானுக்குப் போயின.
பிப்ரவரி பன்னிரண்டு என்று நாங்களே வைத்துக்கொண்டோம்,
பந்தல்காரர் அன்றைக்குத்தான் கிடைத்தார்.
கட்டிடம் அப்போது இலை நிறுக்கும் கொட்டகை.
தராசு தொங்கிய கொக்கியில்
இப்போது மணி தொங்குகிறது.

வரிசை எண் ஒன்று, ஹாலன், தகப்பன் பெள்ளி.
நீங்கிய காரணம் என்ற கட்டத்தில்
பேனாவை அழுத்தி எழுதிய ஒரே சொல்: கவாத்து.
அடுத்த பதினாறு பேருக்கும்
மேற்படி, மேற்படி.

எழுபத்தொன்றில் ஒரே வாரத்தில் பதினெட்டுப் பிள்ளைகள்.
பிறந்த ஊர் பதுளை, அட்டன், பண்டாரவளை.
மண்டபம் முகாமிலிருந்து லாரியில்
குளிருக்குச் சாக்கைப் போர்த்தி வந்தவர்கள்.
பிறந்த தேதி கேட்டால் தாய்மார்
ஏதோ ஒரு மழையைச் சொல்லியிருப்பார்கள்.
அன்றைய தலைமையாசிரியர் பச்சை மையில்
பதினெட்டுப் பேருக்கும் ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டார்.

இரண்டாயிரத்து ஒன்பது. மொத்தமே நாலு பேர்.
பள்ளியை மூடுவது குறித்து விளக்கம் கோரி ஒரு கடிதம்.
பிலோமினா டீச்சர் எழுதிய பதிலின் நகல் கோப்பில் இருக்கிறது:
"ஐந்தாவது பிள்ளை வந்துகொண்டிருக்கிறது."
அப்படி ஒரு பிள்ளை அப்போது இல்லை.
மறு வாரம் முழுக்க லைன் லைனாக
அவர் ஏறி இறங்கியதற்குப்
பயணப்படி கேட்டு எந்தத் தாளும் இல்லை.

இன்று முப்பத்தொன்று. அதில் இருபத்துமூன்று பேருக்குப்
பிறந்த ஊர் கும்லா, சிம்டேகா, குந்தி.
சோம்ராவுக்கு ழகரம் என்னைவிடச் சுத்தம்.
ரேஷன் கடையில் தன் அம்மாவுக்கும்
பக்கத்து வீட்டு நாலு அம்மாக்களுக்கும்
புத்னிதான் வாய்.
எல்லோருக்கும் ஆதாரில் ஜனவரி ஒன்று.
இந்தப் பள்ளியில்
சொந்த நாளில் பிறந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்,
பள்ளியையும் சேர்த்து.

இதெல்லாம் மேடை ஏறவில்லை.
மைதானத்தில் காட்டெருமை ஒன்று
ஒரு மணி நேரம் நகராமல் நின்றது.
பிறகு குத்துவிளக்கு, சால்வை, இன்னொரு சால்வை.
இரண்டாம் பக்கம் வேண்டாம் என்று அலுவலர் விரல் ஆட்டினார்.
கார் கிளம்பியது.

நாற்காலி அடுக்கும்போது கேட்டருகே ஒருத்தி.
முதுகில் கூடை, கையில் ஒரு பெண் குழந்தை.
"இஸ்கூல்… இன்னிக்கு சேக்குமா?"
பிப்ரவரியில் யார் சேர்ப்பார்கள்?
நாங்கள்தான்.

மைக் செட்டுக்காரர் வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.
அவருடைய பெட்டி மேலேயே பதிவேட்டை விரித்தேன்.
பெயர் எத்வாரி. பிறந்த தேதி?
அம்மா ஆதாரை நீட்டினாள். அதே ஜனவரி.
சால்வை மடித்துக்கொண்டிருந்த புத்னி
திரும்பாமலே சொன்னாள்:
"அது ஞாயித்துக்கெழமை பொறந்துச்சு டீச்சர். பேரே அதானே.
நான் புதன். சோம்ரா திங்கள்."

மூன்று வருடமாகத் தினமும் காலையில்
கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் இந்தப் பெயர்களை.
உள்ளேன் டீச்சர் என்று கிழமைகள் எழுந்து நின்றிருக்கின்றன.

ஆதார் சொன்னதை மையால் எழுதினேன்.
ஓரத்தில், பென்சிலால், ஞாயிறு.
அடுத்தவர் வந்து அழித்தாலும்
அழுத்திய தடம் தெரியும்.

கேசரி தீர்ந்துவிட்டிருந்தது.
அண்டாவைச் சாய்த்து
எத்வாரிக்குச் சுரண்டிக் கொடுத்தோம்.